எந்தக் கிங் ஃபிஷ்?

"இது இல்ல மாப்பிள்ளை."

பையை எட்டிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார் மாமனார் சின்னப்பா. பெங்களூரிலிருந்து ரயிலில் மீனைச் சுமந்து, பக்கத்து சீட்டுக்காரர்களின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸில் இறங்கியவன் டென்னிஸ். அவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"கிங் ஃபிஷ்னு கேட்டுத்தான் மாமா வாங்கினேன்."

"இது பாறை மீனு. ஸ்வீட்டி கொண்டாந்தது வேற."

ஸ்வீட்டி அவர் மகள், டென்னிஸின் மனைவி. மாதாமாதம் அப்பாவுக்குக் கிங் ஃபிஷ் வாங்கி வருவாள். போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவளுக்கு வருஷப் பூசை முடிந்த அன்றுதான் மாமனார் ஆரம்பித்தார். "அந்த மீனு ஒரு தடவை கொண்டாங்க மாப்பிள்ளை."

டென்னிஸுக்கு மீன் வாங்கிப் பழக்கமில்லை. சிவாஜிநகரில் ஒரு கடையில் கிங் ஃபிஷ் என்றதும் வஞ்சிரத்தை வெட்டினார்கள். அடுத்த கடையில் கடல் விரால். இன்னொருவர் பாறையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் சார் ஒரிஜினல்" என்றார். ஒரு மார்க்கெட்டில் இத்தனை ராஜா இருந்தால் மனுஷன் யாரைக் கும்பிடுவது?

ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றைக் கொண்டுவந்தான். மாமனார் உதட்டைப் பிதுக்குவார். அப்புறம் அதையே குழம்பு வைத்து, அவனை உட்காரவைத்துப் பரிமாறுவார்.

"பொண்ணே போயிட்டா, இன்னும் இன்னாடா அலைச்சல்? நிறுத்திக்கோ" என்று டென்னிஸின் அம்மா சொல்லிவிட்டாள். அவனுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அன்று மாமனாரின் லைன் வீட்டுக் குழாயடியில் பக்கத்து வீட்டு ஜெயசீலி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஸ்வீட்டி கொண்டாந்தது இன்னா மீனு? அதை வாங்கிக் குடுத்துட்டு இதோட முடிச்சிக்கிறேன்."

"வஞ்சிரம் தம்பி."

"மொதல் வாரமே அதைத்தானே கொண்டாந்தேன். இல்லைன்னுட்டாரே?"

ஜெயசீலி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் கேட்டேன். 'சரின்னு சொல்லிட்டா மாப்பிள்ளை அப்புறம் எதுக்கு இங்க வரப்போறாரு'ன்னு அழுதுக்கினு கீறாரு."

டென்னிஸ் உள்ளே போனான். சாப்பிட உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறு, சிவாஜிநகர்.

"வஞ்சிரம் ஃபிரெஷ்ஷா வந்திருக்கு சார். போடட்டுமா?"

"வேற எந்தக் கிங் ஃபிஷ் வேணா குடுங்க. அது மட்டும் வேணாம்."