எல்லை தாண்டிய கண்ணாடி

"மூஞ்சி தெரியக் கூடாது. ஓடினாலும் குதிச்சாலும் கழண்டு விழக் கூடாது. அப்புடி ஒரு கறுப்புக் கண்ணாடி குடுங்கக்கா."

மஸ்கெலியா கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சுகிர்தம், கல்லாப்பெட்டியை மெதுவாகப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிரே நகைக்கடை. வந்தவனோ மூச்சுக்கு ஒரு தடவை தெருவை எட்டிப் பார்க்கிறான்.

"எந்தக் கடைய ஒடைக்கப் போறீங்க தம்பி?"

"ஐயோ, கடையெல்லாம் இல்லக்கா. படகு."

"படகைக் கடத்தப் போறீங்களா?"

அவன் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பெயர் யோகேஸ்வரன், மலைக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்காரன். மாரியம்மன் திருவிழாவுக்குச் சின்னது பெரிசு என்று தோட்டமே காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

ஆனால் அன்று காலையில்தான் எல்லைக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தில் கயாக் படகுப் பந்தயம். முதலாவதாக வருகிறவனுக்கு அங்குள்ள சுற்றுலா விடுதியில் படகு வழிகாட்டி வேலை. அம்மனும் விடுதி முதலாளியும் ஒருவரை ஒருவர் கேட்காமல் நாள் குறித்துவிட்டார்கள்.

"கோயில் தலைவர் சிவசாமிக்குத் தெரிஞ்சா எங்க குடும்பத்தையே தள்ளி வச்சிருவாருக்கா. அப்புறம் தோட்டத்துல யாருக்கு அம்மை போட்டாலும் என்னாலதான்னு சொல்லுவாங்க. எங்கம்மா ராசம்மா பீலியில போய் ஒரு கொடம் தண்ணி புடிக்க முடியாது."

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. ஒங்க எல்லைக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் சுகிர்தம். இருந்தாலும் மனசு இளகியது. "நேத்துலருந்து கறுப்புக் கண்ணாடியாத்தான் போயிக்கிட்டு இருக்கு. வெயிலு கூடவாம். மிஞ்சினது இந்த மூணுதான்."

முதலாவதைப் போட்டுக்கொண்டு யோகேஸ்வரன் குனிந்தான். அது அவனுக்கு முன்பே குனிந்து தரையில் விழுந்தது.

இரண்டாவது தகரச் சட்டம் போட்டது. "பாக்க எடுப்பா இருக்கும்" என்றாள் சுகிர்தம். "தண்ணியில விழுந்தா அணைக்கட்டத் தொறந்தாத்தான் எடுக்கலாம்."

மூன்றாவது முகத்தோடு வளைந்து உட்கார்ந்தது. பிடரியில் இழுத்துக் கட்ட வார் இருந்தது. "இது பளபளப்ப வெட்டுற கண்ணாடி. தண்ணிக்கு அடியில கெடக்குற கல்லுகூடத் தெரியும். தவறி விழுந்தாலும் மெதக்கும்."

"மூஞ்சி?"

"பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

அதையே வாங்கிப் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போனான்.

மழை இல்லாத மாசம். நீர்த்தேக்கம் வற்றி, ஆழத்தில் கிடந்த பாறைகள் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தன. வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். முன்னால் போன கஜேந்திரனின் படகு எதிலோ மோதி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. யோகேஸ்வரனுக்கு அந்தப் பாறை பாசியோடு தெரிந்தது. விலகிக் கடந்தான்.

கடைசித் திருப்பத்தில் பக்கத்துப் படகின் துடுப்பு வாரி அடித்த தண்ணீரில் அவன் கண்ணாடி வார் நழுவியது. கையை எடுத்தால் வேலை போய்விடும். எடுக்காவிட்டால் முகம் தெரிந்துவிடும். மூக்கைச் சுருக்கி, கன்னத்தைத் தூக்கி, கண்ணாடியை முகத்தாலேயே கவ்விக்கொண்டு துடுப்புப் போட்டான். அந்த முகத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை. அவனுக்கே அவனை அடையாளம் தெரிந்திருக்காது.

கரையோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய கூட்டம் ஒன்று விடாமல் கைதட்டியது. கொழும்புச் சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டான். அதில் ஒரு அம்மாள் வெற்றிலை மென்று துப்பினார். கொழும்பில் நாகரிகம் எப்படியெல்லாமோ போய்க்கொண்டிருக்கிறது.

அரைப் படகு நீள வித்தியாசத்தில் யோகேஸ்வரன் முதலாவதாக வந்தான்.

கரையேறியதும் விடுதி மேலாளர் அவனுடைய அடையாள அட்டையை வாங்கினார். "கண்ணாடியக் கழட்டுங்க தம்பி. மொகத்தையும் படத்தையும் ஒத்துப் பாக்கணும்."

"கழட்டாம முடியாதா சார்?"

"முடியாது. கழட்டாட்டி வேலை ரெண்டாவதா வந்தவருக்கு."

யோகேஸ்வரன் கண்ணாடிச் சட்டத்தில் கையை வைத்தான். அப்போதுதான் கறுப்புக் கண்ணாடிக் கூட்டத்திலிருந்து ஒருவர் பிரிந்து, குடையை ஊன்றிக்கொண்டு அவனை நோக்கி நேராக வந்தார். கண்ணாடி அவர் கண்களை நன்றாகவே மறைத்திருந்தது. அந்த மீசையை மறைக்கிற கண்ணாடி இன்னும் எந்த நாட்டிலும் செய்யப்படவில்லை.

கோயில் தலைவர் சிவசாமி!

யோகேஸ்வரனின் கை அப்படியே நின்றுவிட்டது. கழற்றினால் தோட்டத்தில் அம்மா தலைநிமிர முடியாது. கழற்றாவிட்டால் இத்தனை பாடுபட்டு ஜெயித்த வேலை இல்லை. "சீக்கிரம் தம்பி" என்றார் மேலாளர்.

சிவசாமி பக்கத்தில் வந்து, அவன் தோளை இறுக்கிப் பிடித்தார். மீசை காதில் குத்துமளவுக்குக் குனிந்தார்.

"தைரியமா கழட்டுடா யோகேசு. ஒன்னப் பாத்தேன்னு சொல்ல, நம்ம தோட்டத்துலருந்து ஒருத்தருமே இங்க வரலியே!"