பன்னிரண்டாவது சிவப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனி என் நாக்குக்கு உப்பு தெரியாமல் போகட்டும்.

மணி மூன்றேகால். அவள் திரையில் பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு.

பக்கத்து நாற்காலியில் நான். எனக்கு இரண்டு பச்சை. அதை விடுங்கள்.

வேலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. வெப் ஏபிஐ எழுதப் பழக்கும் இடம். யாரோ எங்கிருந்தோ ஒரு கேள்வி அனுப்புவார். நாம் எழுதிய புரோகிராம் பதில் அனுப்ப வேண்டும்.

முதலில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வர வேண்டும் என்று பார்க்கும் டெஸ்ட் எழுத வேண்டும். அது சிவப்பாக விழ வேண்டும். அப்புறம்தான் புரோகிராம். அது சரியாக இருந்தால் பச்சை.

அவள் எடுத்துக்கொண்டது கீழ்த்தளத்துக் கேன்டீனை.

பண்டத்தின் பெயரை அனுப்பினால் 'இருக்கிறது' என்று பதில் வர வேண்டும். இல்லாத பண்டம் என்றால் நானூற்று நான்கு. அந்த உலகில் அதற்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று பொருள்.

ஐந்து மணிக்குள் பன்னிரண்டும் பச்சையானால் ஆள் எடுக்கும் கம்பெனிக்கு அவள் பெயர் போகும். பதினொன்றுக்குப் போகாது.

குழந்தைக்காக வேலையை விட்டவள். திரும்பக் கேட்டுப் பதினோரு வருஷமாக ஒரு கதவும் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது டெஸ்ட்தான் அந்த 'இல்லை'.

பீட்சா என்று எழுதினாள். தயிர்சாதம் விற்கும் கேன்டீனில் பீட்சா ஏது?

ஓட்டினாள்.

சிவப்பு. எதிர்பார்த்தது: இல்லை. வந்தது: இருக்கிறது.

புரோகிராமை மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். பிழை இல்லை. கேன்டீனுக்குப் போன் போட்டாள்.

"கீதும்மா," என்றார் பிச்சாண்டி மாஸ்டர். "சூடா ரெண்டு கீது. நீ கேட்டது இங்க மணி அட்சிதில்ல, உடனே போட்டுட்டேன். நம்மகிட்ட இல்லன்ற பேச்சே கெடையாது."

டெஸ்ட் ஓட முக்கால் நொடி. மாஸ்டருக்கு அது தாராளம்.

சுறாப்புட்டு என்று மாற்றினாள். இருக்கிறது.

நேற்று மீந்த இட்லி. இருக்கிறது, உப்புமாவாக.

ஒட்டகப்பால் டீ. இருக்கிறது. இரண்டு கிளாஸ் மேலே வந்தது. ஒன்றை நான் குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது.

திமிங்கலப் பொரியல்.

சிவப்பு.

வால்பகுதி மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது மாடி வக்கீல் அரை மணி நேரம் கோர்ட்டுக்குப் போக முடியாமல் நின்றார்.

எஸ்தர் வந்து திரையைப் பார்த்தாள். எங்களுக்குப் பாடம் எடுப்பவள். எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள்.

"அக்கா, நெசக் கேன்டீனையா டெஸ்ட்ல கட்டி வச்சிருக்கீங்க? அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். பொய்யா ஒண்ணு செய்யணும்க்கா. நாலே நாலு பண்டம், அதுக்கு மேல ஒண்ணுமில்லாத பொய்க் கேன்டீன்."

"பொய்யாவா?"

"டெஸ்ட்ல பொய் சொல்லலாங்க்கா. சொல்லித்தான் ஆகணும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பொய்யைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தேன்.

நாலே முக்கால்.

பொய்க் கேன்டீனுக்கு ஒரு வரி எழுதினாள். அழித்தாள். நிஜத்தில் ஆவி பறந்துகொண்டிருக்கும்போது இல்லை என்று எப்படி எழுதுவது?

மல்லாந்து நாற்காலியில் சாய்ந்தாள். எல்லாம் இருக்கிற இடத்தில் எது இருக்காது?

நாலு ஐம்பத்தெட்டு.

நிமிர்ந்தாள். பண்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கேன்டீன்' என்று அடித்தாள்.

ஓட்டினாள்.

முக்கால் நொடி.

கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

நானூற்று நான்கு. அப்படி ஒன்று இல்லை.

பச்சை.

இன்னொரு முறை ஓட்டினாள். பச்சை. பன்னிரண்டும் பச்சை. எஸ்தர் அவள் பெயரை அனுப்பிவிட்டாள்.

அவள் கேன்டீனுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எழுந்து படியிறங்கிப் போனாள். திருப்பத்தில் வால் இல்லை. வக்கீலும் இல்லை. கீழே வரை போய்த் திரும்பி வந்தவள் முகத்தில் சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

"சார், நீங்க டீ குடிச்சீங்கதானே?" என்றாள்.

"குடிச்சேனேம்மா" என்றேன்.

அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் போகிறாள்.

அந்தக் கட்டடத்தில் கேன்டீன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; மதியத்துக்கு எல்லோரும் வீட்டிலிருந்துதான் சோறு கட்டிக்கொண்டு போனோம்.