அரை மணி நேர ஷட்டர்

ஆரியசாலை மிளகாய் மண்டியில் சனிக்கிழமை சாயங்காலம் வியாபாரம் சூடு பிடித்திருந்தது.

“அஞ்சு மணிக்கு ஷட்டரை இறக்கணுங்க. அரை மணி நேரம்தான்,” என்றாள் கௌசல்யா, மறுபடியும்.

“ஏட்டி, யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் தெருவுல கலைவிழா நடத்தினா நான் கடையை அடைக்கணுமா?” என்றார் அவள் கணவர் நெல்லையப்பன்.

“நம்ம ஷட்டர்ல படம் வரைஞ்சிருக்குல்லா? சுருட்டி மேல ஏத்தி வச்சா, வர்ற ஜனம் எதைப் பாக்கும்?”

“கிறுக்கல்தானே. கடை லீவன்னைக்கு வந்து பாக்கட்டும்.”

அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. முதுகுவலிக்காரர். ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் கௌசல்யாதான். அவள் திறந்த பிறகு வருவார், அடைக்குமுன் போய்விடுவார்.

தெருமுனையில் கலைவிழாவின் செண்டை மேளம் கேட்டது. கௌசல்யா கொக்கிக் கம்பியை எடுத்தாள்.

“வெளிய வர்றீங்களா, உள்ளயே இருக்கீங்களா?”

முதுகுவலியை மறந்து அவர் வெளியே குதிப்பதற்கும், ஷட்டர் தடதடவென்று இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

மேளத்தோடு வந்த கூட்டம் பார்த்தது. பிறகு சிரித்தது. நெல்லையப்பன் திரும்பினார். படத்தில் ஒருவர் கல்லாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண் மிளகாய் மூட்டை சுமந்தாள். மூக்கும் மீசையும் அவருடையவைதான்.

“எந்தப் பய வரைஞ்சான்?” என்று கத்தினார்.

“பயலொண்ணும் அல்ல, அண்ணாச்சி,” என்றாள் மைக்கோடு நின்ற மாணவி மாளவிகா. “எங்க ஞாயித்துக்கிழமை ஓவிய வகுப்புக்கு வர்ற கௌசல்யா சேச்சி வரைஞ்சதாக்கும்!”

கௌசல்யா ஷட்டரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“அரை மணி நேரம் கழிச்சுத் தூக்குறேன். அதுவரைக்கும் இங்ஙன உக்காந்து தூங்குங்க.”