பன்னிரண்டாம் பாடம்

மார்ச் நான்காம் தேதி காலை பத்து மணிக்கு, தலைமையாசிரியையின் அறையில் விசாரணை தொடங்கியது. மனித உரிமைப் பாடத்தில் மாணவர்களைத் தூண்டிவிட்டதாகச் சமூக அறிவியல் ஆசிரியை மீது கையெழுத்தில்லாத புகார் வந்திருந்தது.

“‘தலைமையாசிரியையே ஆனாலும் விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது’ன்னு வகுப்புல சொன்னீங்களாமே? அப்ப நான் என்ன, இங்க பொம்மையா?”

“யார் சொன்னது, மேடம்?”

“உங்க பிள்ளைங்களே வந்து சொன்னாங்கன்னு எழுதியிருக்கு. பதில் சரியில்லைன்னா, நாளையிலேருந்து உங்களுக்கு அந்த வகுப்பு கிடையாது.”

துணைக்கு வந்திருந்த புவியியல் ஆசிரியை அவர் கையைப் பற்றிக்கொண்டார். “பாத்தீங்களா அக்கா? பெத்த பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்டீங்க. முதுகுல குத்திட்டாங்களே!”

சமூக அறிவியல் ஆசிரியை தம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“மேடம், அந்தப் பாடத்தை நான் இன்னும் நடத்தவே இல்லை. அந்த வரி என் பாடக்குறிப்புல மட்டும்தான் இருக்கு. பிள்ளைங்க அதைப் பார்த்ததே இல்லை.” பிறகு திரும்பினார். “படிச்சுட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனியே, அந்த நோட்டு இப்பவும் உன் பையிலதானே இருக்கு, தங்கச்சி?”

பத்தேகால் மணிக்கு விசாரணை முடிந்தது. புகார் தள்ளுபடியாயிற்று. ஆயினும், வீண் சர்ச்சை வேண்டாமென்று, அந்தப் பாடத்தைப் புவியியல் ஆசிரியையே நடத்துவதென முடிவு செய்யப்பட்டது. பாடக்குறிப்பு அவரிடம் தயாராகவே இருந்தது.