பாறைக்குப் பின்னால் எடுத்த படம்

மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த இசைவாணி வருடக்கணக்கில் அடுத்தவர் கல்யாணங்களைப் படமெடுத்து வந்தாள். அவளுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை.

2010இல் சிதம்பரத்திலிருந்து சித்தார்த் வந்தான்.

"அக்கா, சுவாதிய ஏற்காடு கூட்டிட்டுப் போறேன். மலை மேல வச்சு என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கப்போறேன். அவளுக்குத் தெரியாம மறைஞ்சிருந்து எடுக்கணும்."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"அதையும் எடுத்துடுங்க."

மலை விளிம்பில் ஒரு பாறைக்குப் பின்னால் இசைவாணி பதுங்கிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் வெறும் பள்ளத்தாக்கு. சித்தார்த் மண்டியிட்டான். சுவாதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிறகு தலையாட்டினாள். இசைவாணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மறுவாரம் அந்தக் கேமராவின் படங்களை மூவரும் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். சுவாதி தலையாட்டும் படத்துக்கு அடுத்து இன்னொன்று வந்தது. தூரத்தில் சித்தார்த்தும் சுவாதியும் அணைத்தபடி நின்றார்கள். முன்னால், பாறையை ஒட்டி, கையில் அதே கேமராவோடு இசைவாணி உட்கார்ந்திருந்தாள்.

"இத யாரு எடுத்தாங்கக்கா? கூட யாராச்சும் வந்தாங்களா?" என்றாள் சுவாதி.

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"அங்க பின்னாடி நிக்கவே எடமில்லியே" என்றான் சித்தார்த்.

அவர்கள் போன பிறகு இசைவாணி படத்தைப் பெரிதாக்கினாள். அதில் அவள் ஜோடியைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, படம் எடுப்பவரைப் பார்த்து, ரொம்ப நாள் பழகியவரிடம் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.