முந்திரிக்காட்டுக் காவல்

"அண்ணன் எப்ப வந்தாரு அண்ணி? சொல்லவே இல்ல."

ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த புவனேஸ்வரிக்கு, முந்திரி வியாபாரம் பண்ணும் கண்ணையன் யாரைச் சொல்கிறான் என்று முதலில் புரியவில்லை.

"எந்த அண்ணன்?"

"நம்ம செல்லதுரை அண்ணன்தான். காலையில முந்திரிக்கொட்டை வெல பேச ஆண்டிமடம் பக்கம் போனேன். உங்க காட்டுக் கொட்டகை வாசல்ல உக்காந்திருந்தாரு. கூப்பிட்டேன், எந்திரிச்சு உள்ள போயிட்டாரு."

அவள் புருஷன் செல்லதுரை சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. அப்படித்தான் இந்த நிமிஷம் வரைக்கும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் பச்சையம்மாள் ஒரு வாரமாகக் காட்டிலேயே தங்கியிருக்கிறாள். காய்ப்பு நேரம், திருட்டு அதிகம், காவலுக்கு ஆள் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனவள். முந்தாநாள், நல்ல அரிசியும் ஒரு கோழியும் கொடுத்து அனுப்பு என்று ஆள் விட்டிருந்தாள். தனியாகக் காவல் இருக்கிறவளுக்குக் கோழி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

பின்னால் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்சவள்ளி குனிந்து சொன்னாள். "கொண்டாந்ததையெல்லாம் ஆத்தாகிட்ட குடுத்துட்டு, அப்புறமா வூட்டுக்கு வரலாம்னு இருப்பாரு."

புவனேஸ்வரி அரிசி வாங்கவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை அம்சவள்ளியிடம் விட்டுவிட்டு ஆண்டிமடம் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

காட்டு வேலியின் படல் கதவுக்குப் பக்கத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள், மருமகளைப் பார்த்ததும் வந்து வழியை மறித்து நின்றாள்.

"நீ எதுக்கு இப்ப வந்த?"

"எம்புருசன் வூட்டுக்கு வராம காட்டுல கெடக்குறாருன்னு ஊரே பேசுது. நான் வராம வேற யாரு வருவா?"

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும். அவனே வருவான்."

"அது வரைக்கும் மகன் காதுல என்னத்த ஓதப் போறீங்க அத்தை? தாலி கட்டிக்கிட்டவ நான். வழியப் பாத்துக்கிட்டுக் கெடந்தவ நான். அவரைப் பாக்குறதுக்கு உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

சத்தம் கேட்டு செல்லதுரை கொட்டகை வாசலுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"அங்கயே நில்லு, புவனா."



"உங்கம்மா மட்டும் கிட்ட இருக்கலாம், நான் வரக்கூடாதா? அப்படி என்னங்க தப்பு பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல." தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். "அங்க சார்ஸ்னு ஒரு காய்ச்சல் பரவுது. தெனம் காலைல வேலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி வரிசையில நிக்க வச்சு சூடு பாப்பாங்க. பஸ்ல லேசா இருமிட்டா போதும், பக்கத்துல இருக்கறவன் எந்திரிச்சுப் போயிடுவான். ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்க நெறைஞ்சு கெடக்குற தேக்கா கடைத்தெருவே வெறிச்சோடிப் போச்சு. வேலையை நிறுத்திட்டு எங்களை ஊருக்கு அனுப்பிட்டாங்க."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான்.

"மெட்ராஸ்ல எறங்கி, வந்து சேந்துட்டேன்னு சொல்ல ரூமுக்குப் போன் பண்ணினேன். என் மேல் கட்டில்ல படுத்திருந்த முத்தமிழுக்கு அதே காய்ச்சலாம். ஆம்புலன்சுல தூக்கிட்டுப் போயிருக்காங்க, பொழைக்கிறது கஷ்டம்னாங்க. நான் கெளம்புறப்ப, ஒடம்பு வலிக்குதுன்னு மட்டுந்தான் சொன்னான்."

அவன் தூணில் சாய்ந்துகொண்டான்.

"வூட்டுக்கு வந்தா நீ இருக்க, பாப்பா இருக்கு. அதான் பஸ்ல கூட ஏறல. அரியலூருக்குத் திரும்புற சிமெண்டு லாரி ஒண்ணுல பின்னாடி ஏறி வந்து, இங்க எறங்கிட்டேன். காவலுக்கு வந்திருந்த அம்மா பாத்துடுச்சு. சொன்னா நீ ஓடி வந்துடுவேன்னுதான் ஒனக்குச் சொல்லல."

"இப்ப... இப்ப எப்படி இருக்கு?"

"நேத்துலேருந்து சுடுது. பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி விட்டிருக்கு. நாளைக்கு டாக்டர் வரேன்னிருக்காரு. அம்மாவையும் தள்ளியே இருன்னுதான் சொன்னேன். கேக்க மாட்டேங்குது. பக்கத்துலயே உக்காந்து நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுக் கெடக்குது."

முந்திரி மரங்களுக்குள் காற்று கூட இல்லை. பச்சையம்மாள் மெதுவாக ஒதுங்கி, படலை இழுத்துத் திறந்துவிட்டாள்.

"நீ சொன்னது நியாயந்தான் தாயி. ஒம் புருசன். நான் யாரு தடுக்க? போயிப் பாரு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. மனசோடுதான் சொன்னாள்.

திறந்த படலுக்கு இந்தப் பக்கம் புவனேஸ்வரி அப்படியே நின்றாள். செல்லதுரை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேணாம். நீ போ. பாப்பா தேடும்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். பின்னாலேயே பச்சையம்மாளும் போனாள்.

அப்புறம்தான் புவனேஸ்வரிக்குத் தெரிந்தது, தான் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு நிற்பது.