தொட்ட செல்கள்

பழ ஈயின் முதுகுத் தோல் உருவாகும்போது, முடியாக வளரப்போகும் செல் மெல்லிய விரல்களை நீட்டிப் பக்கத்துச் செல்களைத் தொடுகிறது. தொடப்பட்டவை முடியாக மாறுவதில்லை, வெறும் தோலாகவே நின்றுவிடுகின்றன. அப்படி அடங்கிப்போன செல்களும் வெகுநேரம் பதிலுக்கு விரல் நீட்டிக்கொண்டிருப்பதை அந்த ஆய்வகத்தில் முதலில் பார்த்தவள் ஷெரின். ஐந்து மாதம் தனியாக உட்கார்ந்து படம் எடுத்தாள். ஆனால் அங்கே ஈ வளர்க்கும் குப்பியின் மூடியில் யார் பெயரோ, அவருடையவைதான் ஈக்களும் படங்களும். ஈக்களைத் தந்தவள் மூத்த மாணவி வாசுகி. அந்த மரியாதைக்காக எல்லா மூடிகளிலும் ஷெரின் அவள் பெயரையே எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் அந்தப் படங்களைத் திரையில் போட்டார்.

"பிரமாதம்மா வாசுகி. இத வெச்சே உன் கட்டுரைய அனுப்பிடலாம். ஷெரின், நீ இன்னும் ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், அந்தப் படம்..."

"என்னம்மா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்."

மேசைக்கு அடியில் வாசுகியின் கை ஷெரினின் மணிக்கட்டின் மேல் வந்து படிந்தது. அழுத்தவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

"எனக்கு இதுதான்டி கடைசி வருஷம்," என்றாள் வாசுகி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் ஷெரின். "அக்கா படம் நல்லா வந்திருக்கு."

பேராசிரியர் அடுத்த மாணவனைக் கூப்பிட்டார். வாசுகி கையை எடுக்கவில்லை.